பாதாள ரயிலில் ஒரு மொழிபெயர்ப்பாளன்

சிலர் தபால் தலைகளைச் சேகரிப்பார்கள்; சிலர் பழைய நாணயங்களைத் தேடி அலைவார்கள். எனக்கு வாய்த்தது ரயில் பித்து. அதிலும் பூமிக்கு அடியில் ஓடும் ரயிலின்மீது கொண்ட பித்து. டில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் எனக்குக் காலையிலும் மாலையிலும் அந்த ரயிலில் கழியும் பொழுதே நாளின் நல்ல பொழுது. விடுமுறை நாட்களிலும் ஏதேனும் ஒரு தடத்தில் ஏறி, அது முடியும் இடம்வரை சென்று, அடுத்த ரயிலில் திரும்பி வருவதுண்டு. போன காரியம் என்னவென்று வீட்டில் கேட்டால் சொல்வதற்கு விடை இராது. காரியம் இல்லாமல் போவதுதானே பித்து?

டில்லி மக்கள் இதனை மெட்ரோ என்பார்கள். நான் பாதாள ரயில் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். உண்மையில் அதன் தடங்களில் பெரும்பகுதி பாதாளத்தில் இல்லை; தெருக்களுக்கு மேலே, தூண்களின்மீது, மாடி வீட்டு ஜன்னல்களை ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. ஆயினும் என் மனம் செல்வது சுரங்கத்துக்குள் அது புகுந்த பிறகுதான்.

இந்தப் பெருமையை நான் பேசத் தொடங்கும்போதே கல்கத்தாவில் வாழும் தமிழ் அன்பர்களுக்குக் கோபம் வரக்கூடும். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. இந்தியாவின் முதல் பாதாள ரயில் கல்கத்தாவில்தான் ஓடியது. 1972ஆம் ஆண்டின் இறுதியில் அடிக்கல் நாட்டி, நகரத்தின் முக்கியமான சாலைகளை ஆண்டுக்கணக்கில் தோண்டிப் போட்டு, 1984 அக்டோபர் 24ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர்வரை 3.4 கிலோமீட்டருக்கு அதனை ஓட விட்டார்கள். டில்லியில் முதல் ரயில் 2002 டிசம்பர் 24ஆம் நாள் ஷாதராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே தொடங்கிவைக்கப்பட்டது. அதுவும் முழுவதும் தரைக்கு மேலேதான். 2004 டிசம்பரில் விசுவ வித்யாலயாவுக்கும் காஷ்மீர் கேட்டுக்கும் இடையே ரயில் விட்ட பிறகே டில்லி பாதாளத்தைக் கண்டது. அப்போது கல்கத்தாவின் ரயிலுக்கு வயது இருபது. 2024 மார்ச் முதல் அங்கே ஹூக்ளி நதிக்கு அடியிலும் ரயில் ஓடுகிறது. எங்கள் யமுனையை நாங்கள் இன்னும் பாலத்தின் வழியாகவே கடக்கிறோம்.

பாலத்தின் வழியாகக் கடப்பதிலும் ஒரு சுவை இருக்கிறது. நான் மயூர் விஹாரில் வசிக்கிறேன். காலையில் நீலத் தடத்து ரயிலில் ஏறினால் அட்சர்தாம் கோயிலைத் தாண்டி, யமுனா பாங்க் நிலையத்தில் நின்று, ஆற்றைக் கடந்து இந்திரப்பிரஸ்தம் சேர்வேன். மழைக்காலம் தவிர மற்றக் காலங்களில் ஆறு என்று சொல்லத்தக்க நீர் அதில் குறைவு. ஆயினும் மேலே ரயில் செல்லும்போது கைகூப்புகிறவர்கள் நாள்தோறும் இருக்கிறார்கள். அவர்களில் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்ட கல்லூரி மாணவர்களும் உண்டு. பாட்டை நிறுத்தாமலே ஒரு கையை நெஞ்சில் வைத்து எடுத்துவிடுவார்கள். சுப்ரீம் கோர்ட் நிலையத்தைத் தாண்டியதும் தடம் சரிந்து இறங்குகிறது. ஜன்னலில் இருந்த வெளிச்சம் ஒரு நொடியில் அறுந்துபோகிறது. அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்கிறார்கள். தலை வாரிக்கொள்கிறவர்கள் அந்த இடத்தில்தான் வாரிக்கொள்கிறார்கள்.

நிலையத்தில் காத்து நிற்பவன் அறிய வேண்டிய விஷயம் ஒன்று சொல்கிறேன். சுரங்கத்தில் ரயில் வருவதை முதலில் கண் அறிவதில்லை, காதும் அறிவதில்லை; தோல்தான் அறிகிறது. குழாயில் செலுத்திய தண்டு எதிரிலுள்ள காற்றைத் தள்ளுவது போல, சுரங்கத்தை அடைத்துக்கொண்டு வரும் ரயில் தனக்கு முன்னே காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பெண்டிரின் முந்தானை அசையும். யார் கையிலோ உள்ள தாள் படபடக்கும். பிறகு தண்டவாளத்தில் மெல்லிய இரைச்சல். அதன் பின்னரே வளைவில் விளக்கு வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டு வரும். முகத்தில் பட்ட காற்றைக் கொண்டே ரயில் வருவது நம் பக்கமா எதிர்ப்பக்கமா என்று சொல்லிவிடக்கூடியவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன் என்று அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, கண்ணுக்குப் புலப்படாதது. நிலையத்தை நெருங்கி ரயில் வேகத்தைக் குறைக்கும்போது அதன் மோட்டார்கள், மின்சாரத்தை உண்ணுவதை விட்டு மின்சாரத்தை உண்டாக்கத் தொடங்குகின்றன. அந்த மின்சாரம் மேலேயுள்ள கம்பிக்குத் திரும்பிச் செல்கிறது. பக்கத்தில் எங்கோ புறப்படுகிற வேறொரு ரயில் அதை எடுத்துக்கொள்கிறது. நாம் நிற்பதனால் முன்பின் அறியாத யாரோ ஒருவர் புறப்பட முடிகிறது. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டால் சற்று ஆறுதலாக இருக்கும்.

சாவ்ரி பஜார் நிலையத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பழைய டில்லியின் சந்துகளில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் வீடுகளுக்கும் காகிதக் கடைகளுக்கும் பித்தளைக் கடைகளுக்கும் அடியில், சுமார் 25 மீட்டர் ஆழத்தில் அது இருக்கிறது. மேலே கைவண்டியும் ரிக்‌ஷாவும் ஒன்றையொன்று நகர விடாமல் நிற்க, கீழே நிமிஷக் கணக்கில் ரயில்கள் போய்வருகின்றன. பின்னாளில் ஹவுஸ் காஸ் நிலையத்தை 29 மீட்டர் ஆழத்தில் கட்டி அதனைத் தோற்கடித்துவிட்டார்கள். ஆனால் ஆழத்தை உணர வேண்டுமானால் சாவ்ரி பஜாருக்குத்தான் போக வேண்டும். நகரும் படிகளில் ஏறிக்கொண்டே, ஏறிக்கொண்டே இருந்து, கடைசியில் தலையை வெளியே நீட்டினால், எதிரே ஒருவர் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்துகொண்டிருப்பார்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பாளனுக்கு ஓய்வு இல்லை. ஒலிபெருக்கி பேசினாலும் அவன் மனம் மொழிபெயர்க்கும். பாதாள ரயிலில் ஆண் குரல் ஹிந்தியிலும் பெண் குரல் ஆங்கிலத்திலும் அறிவிக்கின்றன. தூர்தர்ஷனில் செய்தி வாசித்துப் பெயர்பெற்ற ஷம்மி நாரங், ரினி சைமன் கன்னா ஆகியோரின் குரல்களை எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். அந்த ஹிந்தியைப் புதிதாக வந்த தமிழன் கேட்டால் என்ன ஆகும்? அவனுக்குப் பாதிச் சொற்கள் தெரிந்தவையாகவே தோன்றும், அதுதான் ஆபத்து. நிலையத்துக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள தூரத்தில் ‘தியான்’ வைக்கச் சொல்கிறார்கள். தமிழில் தியானம் என்றால் கண்ணை மூட வேண்டும். ஹிந்தியில் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். ‘யாத்ரி’ என்று நம்மை விளிக்கிறார்கள். காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போகிறவர்தாம் நமக்கு யாத்திரிகர். இங்கே அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகிறவனும் யாத்ரிதான். வட இந்திய ரயில் நிலையங்களில் ‘நிவேதன்’ என்று கேட்டுச் சர்க்கரைப் பொங்கலை எதிர்பார்க்க வேண்டாம், அது வேண்டுகோள். எல்லாவற்றையும்விட விபரீதமானது ‘ஸாவ்தான்’. தமிழில் சாவதானமாக வா என்றால் அவசரம் இல்லை, மெதுவாக வா என்று பொருள். ஹிந்தியில் ஸாவ்தான் என்றால் எச்சரிக்கை, விழித்துக்கொள் என்று பொருள். ஒரே வடசொல்லை இரண்டு வீட்டில் வளர்த்தால் குணம் இப்படி மாறிவிடுகிறது.

நிலையப் பெயர்களிலும் இந்த விளையாட்டு உண்டு. ரேஸ் கோர்ஸ் என்றிருந்த நிலையம் 2016ஆம் ஆண்டு முதல் லோக் கல்யாண் மார்க் ஆயிற்று. உலகத்தின் நன்மைக்கான சாலை என்பது கருத்து. ஊரிலிருந்து வந்த என் மாமா, அது கல்யாண மண்டபங்கள் நிறைந்த தெரு போலும் என்று நினைத்துக்கொண்டார். மண்டி ஹவுஸ் என்ற பெயரைக் கேட்டு அரிசி மண்டியையும் வெல்ல மண்டியையும் தேடினால் கிடைக்காது. அது மண்டி சமஸ்தானத்து ராஜாவின் மாளிகை இருந்த இடம். இன்று அங்கே நாடக அரங்குகள் இருக்கின்றன. பாராகம்பாவில் மட்டும் தமிழனுக்குச் சிரமம் இல்லை. பாரா என்றால் பன்னிரண்டு. கம்பா என்பது நம்முடைய கம்பமேதான். பன்னிருகால் மண்டபத்தை நினைத்துக்கொண்டால் போதும். தீஸ் ஹஸாரி என்றால் முப்பதாயிரம். முப்பதாயிரம் என்ன? மரங்கள் என்பார் சிலர், படைவீரர்கள் என்பார் சிலர். இப்போது அங்கே இருப்பது நீதிமன்றம். வழக்குகள் என்று வைத்துக்கொண்டாலும் பொருந்தும். ஒரு நிலையத்துக்கு வெல்கம் என்றே பெயர். முதல் நாள் திறந்த ஆறு நிலையங்களில் அதுவும் ஒன்று.

இந்தப் பெயர்களை வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, புதிய ஊருக்கு வந்தவனுக்குப் பெயர்கள் வேடிக்கையல்ல. நான் டில்லிக்கு வந்தது 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில். எங்கள் அலுவலகப் பக்கம் பாதாள ரயில் அந்த ஆண்டு ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன்பு பஸ்தான். பஸ் எங்கே போகிறது என்று நடத்துநரின் உதவியாளர் கதவில் தொங்கிக்கொண்டு கூவுவார். அந்தக் கூவலில் ஊர்ப் பெயர்கள் உருத் தெரியாமல் சிதைந்திருக்கும். கேட்டால் ஒரு முறை சொல்வார். இரண்டாம் முறை கேட்டால் முறைப்பார். வழி கேட்பவன் வாயைத் திறந்தவுடனே வெளியூர்க்காரன் என்பது தெரிந்துவிடும். தெரிந்தபின் ஆட்டோக் கட்டணம் ஏறிவிடும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இருக்கும் நேயர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாதாள ரயில் வந்து செய்த பெரிய காரியம் இதுவே. வழி கேட்க வேண்டிய தேவையை அது ஒழித்தது. சுவரில் படம் இருக்கிறது. தடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருக்கிறது. ராஜீவ் சவுக் நிலையத்தில், தடம் மாற வேண்டியவன் தரையில் வரைந்திருக்கும் காலடித் தடங்களைப் பின்பற்றி நடந்தால் போதும். மஞ்சள் பாதம் மஞ்சள் ரயிலுக்கும் நீலப் பாதம் நீல ரயிலுக்கும் கொண்டுபோய் விடும். கண் தெரியாதவர்களுக்கென்று தரையில் புடைப்புள்ள கற்கள் பதித்த பாதை உண்டு. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில்கூட, சேருமிடத்தின் பெயர் ஒன்றைச் சொன்னால் தீர்ந்தது. 2023ஆம் ஆண்டு பிளாஸ்டிக் வில்லைகள் போய்க் காகிதச் சீட்டு வந்தது. கைப்பேசியில் எடுக்கிறவனுக்கு அந்த ஒரு சொல்லும் தேவையில்லை. ஹிந்தியில் ஒரு வார்த்தை பேசாமல் ஒருவன் டில்லியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகலாம். இதில் ஓர் இழப்பும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பேச்சு ஹிந்தி வந்தது புத்தகத்தால் அன்று, அந்தப் பஸ் உதவியாளர்களால்தான். இன்று வருகிற இளைஞர்கள் ஐந்து வருஷம் இருந்தும் மொழி பிடிபடாமல் இருக்கிறார்கள். இளைஞர்களுக்கு இழப்பாவது முதியவர்களுக்கு எத்தகைய வரமாகிறது என்பதை என் தாயாரிடம் கண்டேன்.

என் தந்தையார் காலமான பின், 2018ஆம் ஆண்டு, அம்மாவை டில்லிக்கு அழைத்து வந்தேன். கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் ஐம்பது வருஷம் வாழ்ந்தவள். தமிழ் தவிர வேறு எழுத்துத் தெரியாது. மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பகலில் நாங்கள் எல்லோரும் வெளியே போய்விட்டால் அவளுக்குப் பேச்சுத் துணை, ஊறுகாய் ஜாடி ஒன்றுதான். மொழி தெரியாத ஊரில் முதியவர்கள் எப்படிச் சுருங்கிப் போகிறார்கள் என்பதை உங்களில் பலர் உங்கள் வீட்டிலேயே கண்டிருப்பீர்கள். முதல் மாதம் தெருவைப் பற்றிக் கேட்பார்கள். ஆறாம் மாதம் ஜன்னலுக்குக்கூடப் போக மாட்டார்கள்.

அந்த ஆண்டின் கடைசி நாளில் எங்கள் மயூர் விஹாருக்கு இளஞ்சிவப்புத் தடம் வந்தது. ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் என்று எல்லோரும் சொல்லும் சுவாமிமலைக் கோயிலும், அதன் அருகே அம்மாவின் பால்ய சிநேகிதி ஒருத்தியின் வீடும் இருந்தன. இளஞ்சிவப்பு ரயிலில் ஏறினால், இடையில் தடம் மாறாமல், ஒன்பதாம் நிலையத்தில் இறங்கலாம். சிநேகிதியின் பேரன் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போவான். இரண்டு முறை நான் கூடப் போனேன். மூன்றாம் முறை தானே போய்க்கொள்வதாக அம்மா சொன்னாள். பெயரைப் படிக்க முடியாதே, அறிவிப்பும் புரியாதே என்றேன். “ஒன்பதுதானே? நவக்கிரகம் சுற்றத் தெரியாதா எனக்கு?” என்றாள்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வட்டாரத்தில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு தலம் உண்டு. அம்மா ஒன்பதையும் பலமுறை தரிசித்தவள். அந்த வரிசையை அப்படியே இளஞ்சிவப்புத் தடத்தின்மேல் விரித்துவிட்டாள். ஆற்றைக் கடந்தவுடன் வரும் சராய் காலே கான் சூரியனார் கோயில். யமுனை சூரியனுடைய மகளாயிற்றே; அதனால் ஆற்றங்கரையில் தகப்பன் வீடு இருப்பது பொருத்தந்தான் என்று சமாதானமும் சொன்னாள். ஆசிரமம் நிலையம் திங்களூர். வினோபாபுரி வைத்தீசுவரன் கோயில். லாஜ்பத் நகர் புதனுக்குரிய திருவெண்காடு. தெற்கு எக்ஸ்டென்ஷன் குரு தலமான ஆலங்குடி. ஐ.என்.ஏ. சுக்கிரனின் கஞ்சனூர். சரோஜினி நகர் சனீசுவரனின் திருநள்ளாறு. இங்கேதான் அவள் கணக்கு எவ்வளவு நுட்பமாக அமைந்தது என்று வியந்தேன். சரோஜினி நகர் மலிவான துணிகளுக்குப் பெயர்போன கடைத்தெரு. திருநள்ளாற்றிலும் கூட்டம், இங்கேயும் கூட்டம். அங்கே குளித்துப் பழைய துணியை விட்டுவிட்டு வருகிறார்கள், இங்கே புதுத் துணி மூட்டையோடு ஏறுகிறார்கள். பிகாஜி காமா பிளேஸ் ராகுவின் திருநாகேசுவரம். ஒன்பதாவது கேதுவின் தலம். அதன் பெயர்ப் பலகையில் இருப்பது சர் எம். விசுவேசுவரய்யா மோத்தி பாக்.

பெயர்ப் பலகை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மைசூர்த் திவானாக இருந்து கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டுவித்த அந்த எஞ்சினியரின் பெயர் டில்லி நிலையம் ஒன்றுக்கு இருப்பது தென்னாட்டார் மகிழத்தக்கது. அதற்கு அடுத்த நிலையம் துர்காபாய் தேஷ்முக்கின் பெயரைத் தாங்குகிறது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சென்னையில் சிறை சென்று, அங்கேயே ஆந்திர மகிள சபையைத் தொடங்கி, அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த அம்மையார் அவர். மாணவர்கள் அந்த நிலையத்தைச் சவுத் காம்பஸ் என்று சுருக்கிவிட்டார்கள். பெயர் வைப்பவர்கள் நீளமாக வைக்கிறார்கள். சொல்பவர்கள் மூச்சுக்குத் தக்கபடி சொல்கிறார்கள்.

அம்மாவின் தனிப் பயணம் கிருத்திகைதோறும் நடந்தது. வீட்டுப் படிகள்தாம் கஷ்டம். நிலையத்தில் மின்தூக்கி இருந்தது. 2010 அக்டோபர் முதல் ரயிலின் முதல் பெட்டி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பதால், எங்கே நிற்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெட்டியில் ஆண்கள் ஏற முடியாதாகையால், அங்கே நடப்பது எல்லாம் நான் அவள் வாயால் கேட்டறிந்தவையே. பெண்கள் நின்றுகொண்டே வெண்டைக்காய் நறுக்குவார்களாம். ஒருத்தி உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பார்த்துக் கண்ணுக்கு மை தீட்டுவாள், ரயில் குலுங்காதாகையால் கோடு பிசகாதாம். ஆசனம் நிறைந்திருந்தாலும் ‘அட்ஜஸ்ட்’ என்ற ஒரு சொல்லைச் சொன்னால் எல்லோரும் சற்று நெருங்கி இடம் விடுவார்களாம். அம்மா கற்றுக்கொண்ட முதல் டில்லிச் சொல் அதுதான். அதை ஹிந்தி என்றே இன்றும் நம்புகிறாள், நானும் திருத்தவில்லை.

2020 மார்ச் 22 முதல் செப்டம்பர் 6 முடிய 169 நாட்கள் பெருந்தொற்றினால் பாதாள ரயில் ஓடவில்லை. வெறும் தூண்களைப் பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டில் இரண்டு பேர் பெருமூச்சு விட்டோம். என்னுடையது பித்தனின் பெருமூச்சு; அம்மாவினுடையது வேறு.

ரயில் மறுபடியும் ஓடத் தொடங்கிய பிறகு, பெண்கள் பெட்டியில் அம்மாவுக்கு ஒரு தமிழ்க் குரல் கிடைத்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த அம்மாள். திங்களூரில் ஏறுவாள், திருநள்ளாற்றில் இறங்குவாள். அதாவது ஆசிரமத்தில் ஏறிச் சரோஜினி நகரில் இறங்கி, இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்வாள். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி மதராஸி காம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது; தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தன. அந்த அம்மாளின் பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள். அம்மாவின் நவக்கிரகக் கணக்கை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். “இன்னிக்குச் சனீசுவரன் கிட்ட கூட்டம் ஜாஸ்திம்மா” என்று இருவரும் பேசிக்கொண்டு வருவதைக் கேட்டால் அயலார் என்ன நினைப்பார்களோ!

2025 ஜூன் 1ஆம் நாள் அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. வடிகாலைத் தூர்வார வேண்டியிருந்தது. உயர்நீதிமன்றத்தின் உத்தரவு இருந்தது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதி உடையவை என்று முடிவாகி, அவர்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். இதன் நியாயங்களைப் பேச நான் வரவில்லை; அதற்கு அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ரயில் பித்தன் என்ற முறையில் தூரத்தைப் பற்றிப் பேச மட்டும் எனக்கு உரிமை உண்டு. நரேலா டில்லியின் வடகோடி. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அங்கே பாதாள ரயிலும் இல்லை, பாலத்து ரயிலும் இல்லை.

அந்த அம்மாளுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. வேலை சரோஜினி நகரில்தான் இருந்தது. இருபது வருஷமாகப் பழகிய வீடுகள். நரேலாவில் புதிதாகச் சமையல் வேலை தேட ஆள் தெரியாது. விடியுமுன் எழுந்து, பஸ்ஸில் சமய்ப்பூர் பாத்லிவரை வந்து, அங்கே மஞ்சள் தடத்தில் ஏறுகிறாள். காஷ்மீர் கேட், சாந்தினி சவுக், நான் மெச்சிச் சொன்ன சாவ்ரி பஜார், ராஜீவ் சவுக், எங்கள் அலுவலகத்து மத்திய செயலகம், லோக் கல்யாண் மார்க் எல்லாவற்றையும் கடந்து ஐ.என்.ஏ.யில் இறங்கித் தடம் மாறி, இன்னும் ஒரு நிலையம் போக வேண்டும். போக வரக் கட்டணம் நூறு ரூபாயை நெருங்குகிறது. 2017ஆம் ஆண்டு இரண்டு முறை கட்டணம் ஏறியபோது, மிக அதிகக் கட்டணம் 30 ரூபாயிலிருந்து 60 ரூபாயாயிற்று. 2025 ஆகஸ்டில் அது 64 ஆயிற்று, மிகக் குறைந்தது 11. நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் கட்டணம் ஏறினால் இரண்டு நாள் குறைகூறிவிட்டு மறந்துபோகிறோம். அவளோ இரண்டு வீட்டுச் சம்பளத்தில் ஒரு வீட்டுச் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தண்டவாளத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். ஆயினும் அந்த ரயில் இல்லாவிட்டால் அவளுக்கு அந்த வேலையே இல்லை. இரண்டும் உண்மை.

புதிய தடத்தில் முதல் வாரம் அவள் திணறினாளாம். ஹிந்தி பேச வரும், படிக்க வராது. கூட்டத்தில் அறிவிப்புக் காதில் விழாது. நிலையங்களோ ஒன்பது அல்ல. கிரகங்கள் போதாமற்போயின. ஒரு கிருத்திகையன்று சரோஜினி நகர் நிலையத்தில் இருவரும் சந்தித்தபோது, அம்மா அவளை ஓரமாக உட்காரவைத்து நட்சத்திரக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாள். சமய்ப்பூரில் ஏறியபின் வரும் முதல் நிலையம் அசுவினி, அடுத்தது பரணி, அதற்கடுத்தது கார்த்திகை. ஜன நெரிசல் மிகுந்த காஷ்மீர் கேட் பதினொன்றாவதான பூரம். ராஜீவ் சவுக் சுவாதி. உத்திராடத்தில் இறங்கித் தடம் மாற வேண்டும், திருவோணத்தில் வேலை. இருபத்தேழில் ஐந்து மிச்சம் இருக்கிறது என்று அம்மாவுக்குத் திருப்தி.

நரேலாவுக்கு ரயில் வராமலே போய்விடாது. ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லிப் பக்கம் செல்லும் தடத்துக்கு 2024 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருக்கிறது. இருபத்தாறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இப்போதுள்ள சிவப்புத் தடத்தின் நீட்சி அது. கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். இதை நான் வீட்டில் சொன்னபோது, எத்தனை நிலையங்கள் என்று அம்மா கேட்டாள். இருபத்தொன்று என்றேன். விரல்விட்டுப் பார்த்து, “அதுவும் உத்திராடம் வரைதான்” என்றாள்.